‘கெட்’ என்ற ஒரே வினைக்கு ஏன் இத்தனை பொருள்?

கேள்வி இது: ‘கெட்’ என்ற ஆங்கில வினையை அகராதியில் பார்த்தால் பெறு, வாங்கு, ஆகு, போய்ச் சேர், புரிந்துகொள், செய்ய வை என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக வருகின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? ‘ஐ காட்’, ‘ஐ ஹேவ் காட்’ இரண்டுக்கும் என்ன வேறுபாடு? அலுவலகக் கடிதத்திலும் தேர்வுத் தாளிலும் இந்தச் சொல்லை எழுதலாமா?

மனப்பாடம் வேண்டவே வேண்டாம். இந்தப் பொருள்கள் ஒட்டாதவையாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனி வினை இருப்பதுதான். ஆங்கிலம் பேசுகிறவர் மனதில் ‘கெட்’ சொல்லும் சேதி ஒன்றே ஒன்று: முன்பு இல்லாத நிலைக்கு இப்போது வந்தாயிற்று. என்ன நிலை என்று அந்த வினை சொல்லாது. அதற்குப் பின்னால் வருகிற சொல்தான் சொல்லும். இப்படிச் சில சோடிகளைப் பாருங்கள். ‘ஐ ஹேவ் எ டிக்கெட்’ என்றால் டிக்கெட் என்னிடம் இருக்கிறது. ‘ஐ காட் எ டிக்கெட்’ என்றால் இல்லாமல் இருந்தது, இப்போது கைக்கு வந்துவிட்டது. ‘ஐ ஆம் டயர்ட்’ என்றால் களைப்பாக இருக்கிறேன்; ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப் போனேன். ‘ஐ ஆம் ஹோம்’ என்றால் வீட்டில் இருக்கிறேன். ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். ‘ஐ நோ ஹர்’ என்றால் அவரை எனக்குத் தெரியும்; ‘ஐ காட் டு நோ ஹர்’ என்றால் பழகித் தெரிந்துகொண்டேன். முதல் வாக்கியமெல்லாம் இருப்பதைச் சொல்கிறது, இரண்டாவதெல்லாம் அந்த நிலை தொடங்கியதைச் சொல்கிறது. தமிழில் ‘இரு’வுக்கும் ‘ஆகு’வுக்கும் உள்ள உறவு இது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அகராதிப் பட்டியலில் முக்கால்வாசி தானாக விளங்கிவிடும்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த வழியும் இதற்குத் துணை நிற்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். யார்க் நகரம் அவர்களுடைய பெரிய மையமாக இருந்தது. உள்ளூர்க்காரர்களோடு கலந்து வாழ்ந்ததில் அவர்களுடைய நார்ஸ் மொழிச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏறின. ‘ஸ்கை’, ‘எக்’, ‘விண்டோ’, ‘நைஃப்’, ஏன், ‘அவர்கள்’ என்று சொல்லும் ‘தே’ கூட அப்படி வந்ததுதான். ‘கெட்’டும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்றால் பெறு, அடை. பழைய ஆங்கிலத்திலும் இதே வேர் உண்டு, ஆனால் முன்னொட்டோடு சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். இன்று நாம் சொல்லும் ‘ஃபர்கெட்’ அப்படிப்பட்ட ஒன்று: பிடியிலிருந்து நழுவ விடுவது, அதனால் மறப்பது. பெறுதலும் அடைதலும்தான் முதலில் வந்த பொருள்கள். ‘ஆகு’ என்ற பொருள் அதற்கு வெகு பின்னால் வந்தது. பொருளை அடைவதிலிருந்து இடத்தை அடைவது, அங்கிருந்து ஒரு நிலையை அடைவது என்று படிப்படியாக விரிந்திருக்கிறது.

இனி, நமக்கு உண்மையிலேயே சிக்கல் தரும் இடத்துக்கு வருவோம். ‘கெட்’டுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வரும்போது தமிழ் மனம் உடனே ஒரு கேள்வி கேட்கும்: தானாக வந்ததா, நாமாகப் போய் வாங்கியதா? ‘எனக்கு வேலை கிடைத்தது’, ‘எனக்குக் கடிதம் வந்தது’, ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்று சொல்லும்போது ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆகிவிடுகிறது. நான் ஒன்றும் செய்யவில்லை, என்னிடம் வந்தது என்பதை அந்த வேற்றுமை உருபே சொல்லிவிடும். ‘பால் வாங்கினேன்’, ‘பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்தேன்’ என்றால் ‘நான்’ எழுவாய். ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இந்த வினையில் கிடையாது. ‘ஐ காட் எ ஜாப்’, ‘ஐ காட் எ லெட்டர்’, ‘ஐ காட் எ ஃபீவர்’, ‘ஐ காட் சம் மில்க்’, ‘ஐ காட் த கிட்ஸ் ஃப்ரம் ஸ்கூல்’ எல்லாவற்றிலும் ‘ஐ’தான் முதலில் நிற்கும். முயன்றதா, தானாக வந்ததா என்பதைக் கேட்பவர் சூழலிலிருந்து எடுத்துக்கொள்வார்.

தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றவர்கள் ‘ஃபீவர் கேம் டு மி’, ‘ஆங்கர் கேம் டு மி’ என்று சொல்லிவிடுவது இதனால்தான். ‘எனக்கு’ என்பதை எங்காவது வைத்தாக வேண்டும் என்று மனம் தேடுகிறது. இதற்கு நான் சொல்லும் வழி சுலபமானது. தமிழில் ‘எனக்கு ... வந்தது’, ‘எனக்கு ... கிடைத்தது’ என்று ஒரு வாக்கியம் மனதில் எழுந்தால், பாதிக்கு மேற்பட்ட நேரம் ஆங்கிலத்தில் அதற்கு ‘ஐ காட்’ சரியாக இருக்கும். ‘எனக்குக் கோபம் வந்தது’ என்பது ‘ஐ காட் ஆங்ரி’. ‘அவளுக்குப் பசி வந்துவிட்டது’ என்பது ‘ஷி காட் ஹங்ரி’. ‘அவனுக்கு வாய்ப்புக் கிடைத்தது’ என்பது ‘ஹி காட் எ சான்ஸ்’. இது விதி இல்லை. ஆனால் பேச்சில் தடுமாறாமல் இருக்க நல்ல ஊன்றுகோல்.

பெயர்ச்சொல்லோடு வரும் இன்னும் சில வழக்குகள் வீட்டுக்குள் தினமும் கேட்பவை. அழைப்பு மணி அடிக்கும்போது ‘ஐ வில் கெட் இட்’ என்றால் நான் போய்த் திறக்கிறேன். தொலைபேசி அடிக்கும்போது அதையே சொன்னால் நான் எடுக்கிறேன். உணவகத்தில் பில் வந்ததும் நண்பர் ‘ஐ வில் கெட் திஸ்’ என்றால் காசு அவர் கொடுக்கிறார். காப்பிக் கடையில் ‘கேன் ஐ கெட் எ காஃபி’ என்று கேட்பது அமெரிக்காவில் சாதாரணம். இங்கிலாந்தில் மூத்த தலைமுறைக்கு அது உறுத்தும், ‘கேன் ஐ ஹேவ்’ என்றுதான் கேட்க வேண்டும் என்பார்கள். இளையவர்கள் இரண்டையும் சொல்கிறார்கள்.

பின்னால் பண்பைக் குறிக்கும் சொல் வந்தால் ‘ஆகு’ என்ற பொருள். ‘கெட் கோல்ட்’ ஆறிப்போ, ‘கெட் வெட்’ நனை, ‘கெட் லேட்’ நேரமாகு, ‘கெட்டிங் பெட்டர்’ தேறி வருதல். நோயாளியைப் பற்றி விசாரிக்கும்போது ‘இஸ் ஹி கெட்டிங் பெட்டர்’ என்பதைவிட இயல்பான கேள்வி ஆங்கிலத்தில் இல்லை. இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது பெரியது: தமிழில் ‘கோபமானான்’ என்பதிலும் ‘டாக்டரானான்’ என்பதிலும் ஒரே ‘ஆனான்’ வருகிறது. ஆங்கிலத்தில் வராது. ‘ஹி காட் ஆங்ரி’ சரி. ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால் அவன் மருத்துவரை அழைத்து வந்தான் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். பின்னால் பெயர்ச்சொல் வந்ததும் ‘கெட்’ பழையபடி ‘பெறு’ ஆகிவிடுகிறது. மருத்துவர் ஆனதைச் சொல்ல ‘பிகேம்’ வேண்டும். இரண்டாவது கண்ணி, சில மாற்றங்களுக்கு ஆங்கிலம் வேறு வினைகளை ஒதுக்கி வைத்திருக்கிறது. பால் கெட்டுப்போனால் ‘கோ பேட்’, முடி நரைத்தால் ‘கோ கிரே’, பார்வை போனால் ‘கோ பிளைண்ட்’, தூங்கிப்போனால் ‘ஃபால் அஸ்லீப்’, கனவு பலித்தால் ‘கம் ட்ரூ’. விரும்பத்தகாத, திரும்ப முடியாத மாற்றங்கள் பலவும் ‘கோ’வோடு போகின்றன என்று சொல்லலாம், ஆனால் ‘கெட் ஓல்ட்’, ‘கெட் சிக்’ அதை மீறி நிற்கின்றன. இவற்றை மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப்பெயருக்கு முன் ‘டு’ வரும்: ‘வி காட் டு மதுரை அட் நைன்’. ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ ஆகியவற்றுக்கு முன் வராது. ‘காட் டு ஹோம்’ நம்மிடையே மிகப் பரவலான பிழை. வண்டிகளில் ஏறி இறங்குவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பஸ், ரயில், விமானம், கப்பல் என்று உள்ளே எழுந்து நடக்க முடிகிறவற்றுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ, டாக்சி என்று குனிந்து நுழைந்து உட்காருகிறவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. சைக்கிளும் குதிரையும் மேலே ஏறி உட்காருவதால் ‘ஆன்’. ‘கெட் அவுட்’ என்றால் ‘வெளியே போ’ என்ற அதட்டல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், ‘ஐ காட் அவுட் ஆஃப் த டாக்சி’ என்பதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அங்கே யாரும் யாரையும் விரட்டவில்லை.

‘ஐ காட் இட்’, ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்பவை புரிந்துகொள்வதைச் சொல்பவை. கருத்தைக் கைக்குள் பிடிப்பதாக நினைப்பது ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உண்டு. அதே பொருள்தரும் ‘காம்ப்ரிஹெண்ட்’ என்ற கனமான சொல் ‘பற்று, பிடி’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. அந்த லத்தீன் வினையும் நார்ஸ் ‘கெட்டா’வும் மிகப் பழைய ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. ஒன்று படித்தவர் எழுத்துக்கும் மற்றது தெருப் பேச்சுக்கும் போய்ச் சேர்ந்தன. ‘ஐ காட் ஹிம்’ என்று சொன்னால் ஆளைப் பிடித்தேன் என்றும் கொள்ளலாம், அவர் சொல்ல வந்தது புரிந்தது என்றும் கொள்ளலாம்.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்த வினையில் மிகவும் பிடித்த பகுதி. ‘கெட்’டுக்குப் பின் இறந்தகால எச்ச வடிவம் (பள்ளியில் ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ என்று படித்தது) வந்தால் செயப்பாட்டு வினை ஆகிவிடும்: ‘ஹி காட் ஃபயர்ட்’, ‘த விண்டோ காட் புரோக்கன்’, ‘ஹி காட் பீட்டன்’, ‘வி காட் காட்’. (கடைசியில் முதல் ‘காட்’ கெட்டின் இறந்தகாலம், இரண்டாவது ‘பிடி’ என்னும் ‘கேட்ச்’சின் எச்ச வடிவம்; ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு.) பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த செயப்பாட்டு வினையில் ‘வாஸ்’தான் வரும். அப்படியானால் இது எதற்கு? ‘த விண்டோ வாஸ் புரோக்கன்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஜன்னல் உடைந்து கிடந்தது என்ற நிலையாகவும் இருக்கலாம், உடைக்கப்பட்டது என்ற நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். ‘காட் புரோக்கன்’ என்றால் சந்தேகமே இல்லை, அது நிகழ்ச்சி. மேலும் ‘காட்’ வந்துவிட்டால், பாதிக்கப்பட்டவருக்கு என்ன ஆயிற்று என்பதில் பேச்சு போய் நிற்கிறது. நல்லதோ கெட்டதோ, அவருக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. வேலை போனது, அடி விழுந்தது, பதவி உயர்வு வந்தது, திருமணம் நடந்தது. ‘த லெட்டர் வாஸ் ரிட்டன் இன் இங்கிலிஷ்’ என்பதை ‘காட் ரிட்டன்’ என்று மாற்றினால் ஒட்டாது, கடிதத்துக்கு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், தமிழ்ப் பேச்சு இதே வேலையை இதே வழியில் செய்கிறது. ‘அவன் அடிக்கப்பட்டான்’ என்று நாம் பேசுவதே இல்லை. ‘அடி வாங்கினான்’ என்கிறோம். ‘திட்டு வாங்கினேன்’, ‘உதை வாங்கினான்’, ‘குட்டு வாங்கினான்’ எல்லாம் அப்படித்தான். ‘படு’ சேர்த்த செயப்பாட்டு வினை எழுத்துக்கும் அறிவிப்புக்கும் உரியதாக இருக்க, பேச்சில் பாதிப்பைச் சொல்ல ‘பெறு’ என்ற பொருள் கொண்ட வினையே வந்து நிற்கிறது. ஆங்கிலமும் தமிழும் உறவில்லாத மொழிகள். இரண்டும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. ஆகவே ‘காட் ஸ்கோல்டட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வாஸ் ஸ்கோல்டட்’ என்று சொல்லித் திணற வேண்டியதில்லை. ‘திட்டு வாங்கினேன்’ என்று மனதில் வந்தால் ‘காட்’ என்றே சொல்லலாம். இலக்கணப் பாடப் புத்தகங்கள் இந்த வடிவத்தை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தம்தான். ஆங்கிலப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்துக்குள் இது ஒரு தடவையாவது வந்துவிடும்.

பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கும் ‘கெட்’ உண்டு. ‘முடி வெட்டிக்கொண்டேன்’, ‘வண்டியைச் சர்வீஸ் செய்தேன்’, ‘வீட்டுக்கு வெள்ளையடித்தோம்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். செய்தவர் முடிதிருத்துநர், மெக்கானிக், பெயின்டர் என்பது சொல்லாமலே விளங்கும். இதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்றால், கண்ணாடி முன் நின்று நானே கத்தரித்துக்கொண்டேன் என்று ஆகிவிடும். சரியானது ‘ஐ காட் மை ஹேர் கட்’. அமைப்பு இதுதான்: முதலில் ‘காட்’, நடுவில் பொருள், கடைசியில் எச்ச வடிவம். ‘ஐ காட் த பைக் சர்வீஸ்ட்’, ‘வி காட் த ஹவுஸ் பெயின்டட்’. செய்கிற ஆளைச் சொல்ல வேண்டுமானால் அவருக்குப் பின் ‘டு’ வரும்: ‘ஐ காட் மை பிரதர் டு ஃபிக்ஸ் இட்’, தம்பியிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்தேன். ‘மேக்’, ‘ஹேவ்’ இரண்டும் இதே இடத்தில் ‘டு’ இல்லாமல் வரும், பொருளும் கொஞ்சம் வேறு. ‘மேட் ஹிம் டூ இட்’ என்றால் வற்புறுத்தல். ‘ஹேட் ஹிம் டூ இட்’ என்றால் சொன்னால் செய்கிற ஆள், பணியாளோ ஊழியரோ. ‘காட் ஹிம் டு டூ இட்’ என்றால் கொஞ்சம் பேசி, கெஞ்சி, சம்மதிக்க வைத்த உழைப்பு அதில் இருக்கிறது.

‘கெட் டு’ என்பதற்குப் பின் வினை வந்தால் வாய்ப்பு அமைந்ததைக் குறிக்கும். ‘ஐ காட் டு சி த சீ’, கடலைப் பார்க்கக் கொடுத்து வைத்தது. குழந்தைகள் ‘வை டஸ் ஷி கெட் டு கோ’ என்று அழுவதைக் கேட்டிருக்கலாம்: அவளுக்கு மட்டும் ஏன் போகக் கிடைக்கிறது, எனக்கு ஏன் இல்லை என்ற ஆதங்கம் அந்தச் சிறு சொல்லில் அடங்கிவிடுகிறது.

சரி, ‘ஹேவ் காட்’. வடிவத்தைப் பார்த்தால் முற்றுப்பெற்ற காலம், ‘பெற்றிருக்கிறேன்’. பொருள் நிகழ்காலம், ‘என்னிடம் இருக்கிறது’. பெற்றிருந்தால் கையில் இருக்கத்தானே செய்யும், அந்த வழியாக இது ‘ஹேவ்’வுக்குச் சமமாகிவிட்டது. ‘ஐ ஹேவ் எ கார்’, ‘ஐ ஹேவ் காட் எ கார்’ இரண்டும் ஒன்றே. பிரிட்டிஷ் பேச்சில் இரண்டாவது அதிகம், அதுவும் ‘ஐவ் காட்’ என்று சுருங்கி வரும். அந்தச் சுருக்கம் காதில் விழாமல் போவதால் ‘ஐ காட் எ கார்’ போலவே கேட்கும். பேச்சில் பலர் உண்மையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதும்போது ‘ஐ காட் எ கார்’ என்றால் கார் கிடைத்தது, வாங்கினேன் என்ற இறந்தகாலப் பொருள்தான். ‘ஹேவ் காட் டு’ என்றால் கட்டாயம்: ‘ஐவ் காட் டு கோ’, போயாக வேண்டும். இதுவே வாயில் தேய்ந்து ‘காட்டா’ ஆகிறது. இறந்தகாலத்துக்கு இந்த வடிவம் ஒத்துவராது. போயாக வேண்டியிருந்தது என்பதற்கு ‘ஐ ஹேட் டு கோ’தான்.

அமெரிக்கர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ‘காட்’ என்பதோடு ‘காட்டன்’ என்ற பழைய எச்ச வடிவமும் அவர்களிடம் உயிரோடு இருக்கிறது (பருத்தியைக் குறிக்கும் சொல் வேறு). ‘ஐவ் காட் எ டிக்கெட்’ என்றால் கையில் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் எ டிக்கெட்’ என்றால் கிடைத்துவிட்டது. ‘ஐவ் காட் டு கோ’ என்றால் போயாக வேண்டும். ‘ஐவ் காட்டன் டு கோ’ என்றால் போகும் வாய்ப்பு அமைந்திருக்கிறது. இது அமெரிக்கர்கள் கெடுத்த ஆங்கிலம் என்று இங்கே சில ஆசிரியர்கள் இன்னும் சொல்கிறார்கள். அது சரியில்லை. 1611இல் லண்டனில் அச்சான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், காயீனைப் பெற்ற ஏவாள் பேசும் வாக்கியத்திலேயே ‘காட்டன்’ இருக்கிறது. பின்னால் பிரிட்டனின் பொது வழக்கிலிருந்து அது மறைந்தது, ‘ஃபர்காட்டன்’ போன்ற சில சொற்களில் மட்டும் தங்கிவிட்டது. கடல் கடந்து போனவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றிப் படித்ததால் ‘காட்’ என்றே எழுதுவது நல்லது. ஆனால் ‘காட்டன்’ எழுதிய மாணவருக்குச் சிவப்பு மையால் கோடு போடக் கூடாது.

‘கெட்’டோடு சிறு சொற்கள் சேர்ந்து வரும் தொடர்கள் நிறைய. அங்கும் ‘ஒரு நிலைக்கு வருதல்’ என்ற அடிப்படை மாறுவதில்லை, திசையைச் சிறு சொல் காட்டுகிறது. ‘கெட் ஓவர்’ என்றால் தாண்டி அப்பால் வருவது, அதனால் துக்கத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீள்வது. ‘கெட் த்ரூ’ என்றால் ஊடே போய் மறுபக்கம் வருவது: கஷ்ட காலத்தைக் கடப்பது, தொலைபேசியில் இணைப்புக் கிடைப்பது. ‘கெட் பை’ ஓரமாக ஒதுங்கி நகர்வது, அதாவது இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. ‘கெட் அலாங்’ கூடவே போவது, ஒத்துப்போவது. ‘கெட் அவே வித்’ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது: தப்புச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பிப்பது. ‘கெட் அப்’ வினையாக எழுந்திரு. அதுவே பெயர்ச்சொல்லாக வரும்போது ஆங்கிலத்தில் உடையலங்காரத்தைக் குறிக்கும், அந்தப் பொருளில்தான் நம் திரையுலகம் ‘கெட்டப்’பை எடுத்துக்கொண்டது.

கடைசிக் கேள்வி, எழுதலாமா. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம், எழுதாவிட்டால்தான் விறைப்பாக இருக்கும். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் அப்படியே. அதே தேர்வின் கட்டுரையில், அலுவலக விண்ணப்பத்தில், ஆய்வறிக்கையில் குறைத்துக்கொள்ள வேண்டும். பிழை என்பதற்காக இல்லை. பேச்சில் சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது, வந்ததா வாங்கியதா என்பதை வினையே சொல்லியாக வேண்டும். அதனால் கடிதம் வந்திருந்தால் ‘ரிசீவ்ட்’, அனுமதி முயன்று பெற்றிருந்தால் ‘அப்டெய்ன்ட்’, விலை கொடுத்து வாங்கியிருந்தால் ‘பாட்’, நிலை மாறியிருந்தால் ‘பிகேம்’, ஊர் சேர்ந்திருந்தால் ‘ரீச்ட்’ அல்லது ‘அரைவ்ட்’ என்று எழுதுங்கள். எழுதி முடித்த பக்கத்தில் ‘காட்’ எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடி, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் நீங்கள் நினைத்த வினையைப் பென்சிலால் எழுதிப் பார்த்தால், எந்த ஆங்கில வினை வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடும்.